மூக்கில் வைத்த குருத்தெலும்பு எத்தனை காலம் நிலைக்கும்?

அடிபட்டோ நோய்வாய்ப்பட்டோ தண்டு இறங்கிப்போன மூக்கை நிமிர்த்துவதற்காக, காதிலிருந்தோ விலாவிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ ஒரு துண்டுக் குருத்தெலும்பை எடுத்து உள்ளே பொருத்தித் தைப்பது இன்று மதுரை போன்ற நகரங்களில் அரிய சிகிச்சையன்று. வாகன விபத்தில் மூக்கு நொறுங்கியவர்கள், நடுச்சுவரில் சீழ் கட்டிக் குருத்தெலும்பு அழிந்துபோன குழந்தைகள், முன்பு செய்த அறுவையில் தாங்கலை இழந்தவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தும் முகத்தில் அதன் தடத்தைச் சுமப்பவர்கள் எனப் பலருக்கும் இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. அவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் கேட்பது ஒரே கேள்வி: வைக்கிற துண்டு கடைசிவரை நிற்குமா, சில ஆண்டுகளில் கரைந்துவிடுமா?

நூறாண்டுக்கும் மேலாக இக்கேள்விக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகள் தரப்பட்டு வந்துள்ளன. உயிருள்ள குருத்தெலும்பு ஆயுள் முழுவதும் நிலைக்கும் என்று ஒரு சாராரும், எதுவானாலும் நாளடைவில் கரையும் என்று மற்றொரு சாராரும், கரைவதைவிட வளைவதே உண்மையான இடர் என்று வேறொரு சாராரும் வாதிட்டுள்ளனர். இவ்விடைகள் எங்கிருந்து பிறந்தன, எந்தச் சான்றின் மீது நிற்கின்றன, எவ்விடத்தில் தளர்கின்றன என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பதும், தமிழகத்தின் தொழுநோய் அறுவை அனுபவம் இவ்விவாதத்தில் பெறவேண்டிய இடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மூக்கிழந்த நிலமும் மூக்குத் தைத்த மரபும்

மதுரை வட்டாரத்தின் வரலாற்றில் மூக்கிழப்பு ஒரு போரின் பெயராகவே பதிந்துள்ளது. 1650களின் பிற்பகுதியில், திருமலை நாயக்கரின் இறுதி ஆண்டுகளில், மைசூர் அரசர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்து, எதிர்ப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்தது. இராமநாதபுரம் இரகுநாத சேதுபதி படையுடன் வந்து உதவ, மைசூர்ப் படை பின்வாங்க நேர்ந்தது. பின்னர் மதுரைப் படையும் மைசூர் எல்லைக்குள் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. மூக்கறு போர் என்று வழங்கும் இந்நிகழ்வுகளை அக்காலத்தில் இப்பகுதியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவியரின் கடிதங்கள் பதிவு செய்துள்ளன.

மூக்கை அறுப்பது தண்டனையாகவும் அவமதிப்பாகவும் வழங்கிய இந்நாட்டில்தான் மூக்கை மீண்டும் உருவாக்கும் கலையும் வளர்ந்தது. கன்னத்துத் தோலை இலையளவு வெட்டித் திருப்பி மூக்காகத் தைத்து, துளைகள் அடைபடாமலிருக்க ஆமணக்குத் தண்டுக் குழல்களைச் செருகும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. நெற்றித் தோலைப் பயன்படுத்தும் முறை சில குடும்பங்களிடம் தொழிலறிவாக வழங்கிவந்தது. 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்த, ஆங்கிலப் படையின் மாட்டுவண்டியோட்டியான கவாஸ்ஜி என்பவருக்குப் புனே அருகே செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் மூக்கு அமைத்துத் தந்த செய்தி, 1794 அக்டோபரில் இலண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து ஜோசப் கார்ப்யூ என்னும் அறுவை மருத்துவர் 1814இல் இலண்டனில் அதே அறுவையைச் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார்.

இம்முறை மூக்குக்குத் தோலைத் தந்தது. தோலைத் தாங்கும் சட்டகத்தைத் தரவில்லை. உள்ளே தாங்கலும் உள்வரிச் சவ்வும் இல்லாத தோல், ஆறும் காலத்தில் சுருங்கி மூக்கின் நீளத்தையும் உயரத்தையும் குறைத்துவிடும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறுவை மருத்துவர்கள் அனுபவத்தில் கண்டனர். எனவே தாங்கலுக்கான பொருளைத் தேடும் முயற்சி தொடங்கியது. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வெயர் 1892இல் வாத்தின் மார்பெலும்பை வைத்துப் பார்த்தார். ஜெர்மனியில் ஜேம்ஸ் இஸ்ரேல் 1896இல் நோயாளியின் முழங்கால் கீழெலும்பிலிருந்து துண்டெடுத்தார். அதே நாட்டின் ஃபிரிட்ஸ் ஃபான் மாங்கோல்ட் அந்நூற்றாண்டின் இறுதியில் விலாக் குருத்தெலும்பைப் பயன்படுத்தினார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு ஹெரால்ட் கில்லீஸ் விலாக் குருத்தெலும்பைப் பெருமளவில் கையாண்டபோது, எத்தனை காலம் நிலைக்கும் என்ற கேள்வி தனி ஆய்வுப் பொருளாயிற்று.

குருத்தெலும்பின் இயல்பு

விடைகளைப் புரிந்துகொள்வதற்குக் குருத்தெலும்பின் அமைப்பு ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. கொலாஜன் இழைகளும் நீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் புரதச் சர்க்கரைப் பொருள்களும் கலந்த இறுகிய ஊடகத்தின் நடுவே, சிறு குழிகளில் செல்கள் தனித்தனியாகவோ சிறு கூட்டமாகவோ தங்கியுள்ளன. சுற்றிலுமுள்ள திசுநீரிலிருந்து ஊறிவரும் சத்தே அச்செல்களுக்கு உணவு. தோல் ஒட்டுக்கோ எலும்பு ஒட்டுக்கோ புதிய இரத்தக் குழாய்கள் விரைவில் வந்து சேர்ந்தாக வேண்டும். குருத்தெலும்பு அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. குறைந்த உணவிலும் குறைந்த உயிர்வளியிலும் வாழப் பழகிய செல்கள் அதில் இருப்பதால், இடம் மாறினாலும் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

இறுகிய ஊடகம் மற்றொரு பாதுகாப்பையும் தருகிறது. அயல் திசுவைக் கண்டறிந்து தாக்கும் வெள்ளணுக்கள் குழிக்குள் இருக்கும் செல்லை எளிதில் நெருங்க இயலாது என்பதால், பிறரிடமிருந்து எடுத்த குருத்தெலும்பும் பிற திசுக்களைப் போல உடனடியாக நிராகரிக்கப்படுவதில்லை. ஆனால் ஊடகம் வெட்டுப்பட்டாலும் நசுங்கினாலும் சீழ் பட்டாலும் அந்தக் காப்பு குறைகிறது. செல் இறந்தபின் ஊடகத்தைப் புதுப்பிப்பார் இல்லாததால், அது நாளடைவில் சிதைந்து நார்த் திசுவுக்கு இடம் கொடுக்கக்கூடும். பிற்கால விவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இயல்புகளில் எதற்கு மிகுந்த எடை தருவது என்பதைப் பற்றியவையே.

முதல் விடை: உயிருள்ள ஒட்டு நிலைத்திருக்கும்

இவ்விடையின் முதன்மைச் சான்றை அளித்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் லிண்டன் பியர். மனித உடலில் வைக்கப்பட்ட உயிருள்ள குருத்தெலும்பையும், மருந்துநீரில் பாடம்செய்து செல்கள் இறந்துவிட்ட குருத்தெலும்பையும் பின்னர் வெளியே எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட்ட அவரது ஆய்வு 1939இல் வெளிவந்தது. நோயாளியின் சொந்த உடலிலிருந்து எடுத்து உடனே வைத்த துண்டுகளில், குழிகளுக்குள் செல்கள் நிறம் ஏற்று முழுமையாகத் தெரிந்தன. ஊடகமும் தன் தன்மையை இழக்கவில்லை. பாடம்செய்த துண்டுகளில் குழிகள் வெறுமையாயிருந்தன. ஓரங்களை நார்த் திசு அரித்து உள்ளே நுழைந்திருந்தது. எனவே ஒட்டின் ஆயுள் அதிலுள்ள செல்லின் ஆயுளைப் பொறுத்தது என்னும் கொள்கை வலுப்பெற்றது.

தொகுப்பாய்வுகளும் இவ்விடைக்கு ஆதரவாக உள்ளன. தன் விலாக் குருத்தெலும்பைக் கொண்டு செய்த மூக்கு அறுவைகளைப் பற்றி 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பத்துக் கட்டுரைகளில் பதிவான 491 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. அதன்படி ஒட்டு கரைந்தது 0.22 விழுக்காட்டினரிடம் மட்டுமே, நோய்த்தொற்று 0.56 விழுக்காடு, ஒட்டு வளைந்தது 3.08 விழுக்காடு. அதே ஆய்வில் மறு அறுவைக்கு உள்ளானோர் 14.07 விழுக்காடு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். துண்டு கரையாமலிருப்பதும் நோயாளி எதிர்பார்த்த மூக்கு நிலைப்பதும் வெவ்வேறு என்பதை இவ்விரு எண்களின் இடைவெளி உணர்த்துகிறது.

இவ்விடையின் குறை இரண்டு. பியர் போன்றோர் ஆராய்ந்த துண்டுகள், ஏதோ ஒரு காரணத்தால் மறு அறுவைக்கு வந்தவர்களிடமிருந்து கிடைத்தவை. எல்லா நோயாளிகளையும் அவை பிரதிநிதித்துவப்படுத்துகின்றன என்று சொல்ல இயலாது. அடுத்து, தொகுப்பாய்வுகளில் அடங்கிய பல தொடர்களில் கண்காணிப்புக் காலம் சில ஆண்டுகளே. இருபது வயதில் அறுவை செய்துகொண்டவரின் ஐம்பதாம் வயதைப் பற்றி அவை நேரடியாக எதுவும் கூறுவதில்லை.

இரண்டாம் விடை: கரைவதைவிட வளைவதே இடர்

தாமஸ் கிப்சனும் டேவிஸும் 1958இல் வெளியிட்ட ஆய்வு விவாதத்தின் திசையை மாற்றியது. விலாக் குருத்தெலும்பின் வெளியடுக்கு இழுவிசையிலும் உள்பகுதி அதற்கு எதிரான விசையிலும் பூட்டப்பட்டுள்ளன என்றும், ஒரு பக்கத்து வெளியடுக்கை மட்டும் சீவிவிட்டால் எஞ்சிய பக்கத்தின் இழுவையால் துண்டு வளையும் என்றும் அவர்கள் விளக்கினர். அதற்கான தீர்வாக, விலாவின் நடுப்பகுதியிலிருந்து எல்லாப் பக்கமும் விசை சமமாகும்படி செதுக்க வேண்டும் என்ற நெறியை முன்வைத்தனர்.

அறுவை அரங்கில் இந்நெறி இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது. பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது அல்லது எட்டாவது விலாவிலிருந்து எடுக்கப்படும் தந்த நிறத் துண்டைக் கத்தியால் சீவி, அரைமணி நேரமோ அதற்கு மேலோ உப்புநீரில் போட்டு வைப்பர். வளையக்கூடிய துண்டு அதற்குள் தன் போக்கைக் காட்டத் தொடங்கிவிடும். அதைக் கண்டபின் மறுபக்கத்தைச் சீவியோ, வளைவை எதிரெதிராக வைத்து இரு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தோ நேர்செய்வர். நடுவே மெல்லிய உலோகக் கம்பியைச் செலுத்தி நிறுத்தும் முறையும், குறுக்குச் சாய்வாகப் பிளந்து விசையைக் குறைக்கும் முறையும் பின்னர் வந்தன.

வயதும் இங்கே குறுக்கிடுகிறது. இளையோரின் விலாக் குருத்தெலும்பு நெகிழ்வானது, ஆதலால் வளையும் இயல்பு மிகுதி. நடுவயதைத் தாண்டியோரிடம் சுண்ணாம்பு படிந்து செதுக்கக் கடினமாகி, சில நேரம் உடைந்தும் போகிறது. நடுச்சுவரிலிருந்து எடுக்கும் குருத்தெலும்பு தட்டையாகவும் நேராகவும் இருப்பதால் இச்சிக்கல் குறைவு; ஆனால் மூக்கைத் தாங்க மேலும் முன்னும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை விட்டுவைக்க வேண்டியிருப்பதால், எடுக்கக்கூடிய அளவு சிறிது. காதுமடலின் குருத்தெலும்பு இயல்பாகவே குழிந்தது. நுனிக்கும் இறக்கைகளுக்கும் பொருந்தும் அளவுக்கு அது தண்டைத் தாங்கப் பொருந்துவதில்லை.

இவ்விடை, நிலைத்திருப்பது என்றால் என்ன என்பதைத் திருத்தி வரையறுத்தது. கரையாமல் வளைந்த ஒட்டு, திசுவியல் நோக்கில் வெற்றி. நோயாளியின் கண்ணாடியில் தோல்வி. எனினும் வளைவு பெரும்பாலும் முதல் மாதங்களில் வெளிப்படுவது என்பதால், பல பத்தாண்டுகள் கழித்து என்ன ஆகும் என்ற மூலக் கேள்விக்கு இது முழு விடையாகாது.

மூன்றாம் விடை: பிறர் குருத்தெலும்பும் போதும்

விலாவைத் திறப்பதால் வலியும் தழும்பும் உண்டு. நுரையீரல் உறை கிழியும் சிறு ஆபத்தும் உண்டு. அதைத் தவிர்க்க, இறந்தோர் உடலிலிருந்து எடுத்துப் பாடம்செய்த குருத்தெலும்பை வைக்கும் முயற்சி 1930களிலேயே தொடங்கியது. மாட்டின் குருத்தெலும்பைப் பயன்படுத்திய அனுபவத்தை கில்லீஸும் கிறிஸ்டன்சனும் 1951இல் வெளியிட்டனர்; ஆண்டுகள் செல்லச் செல்ல அத்துண்டுகள் கரைந்ததால் அம்முறை கைவிடப்பட்டது. 1961இல் டிங்மனும் கிராப்பும் காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்த மனித விலாக் குருத்தெலும்பை அறிமுகப்படுத்தினர்.

இந்தக் கதிரூட்டிய குருத்தெலும்பைப் பற்றித்தான் இத்துறையின் மிகக் கூர்மையான முரண் எழுந்தது. வெல்லிங் குழுவினர் 1988இல் வெளியிட்ட பத்தாண்டுக் கண்காணிப்பில் ஒட்டுகளில் பெரும்பாலானவை கணிசமாகக் கரைந்திருந்தன. ஆனால் ரஸ்ஸல் கிரிடெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட தொடரில், 357 நோயாளிகளுக்கு வைத்த 1,025 ஒட்டுகளை 24 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோது, எல்லாச் சிக்கல்களும் சேர்ந்து 3.25 விழுக்காடு மட்டுமே. 2020இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வும் தன் விலாக் குருத்தெலும்புக்கும் கதிரூட்டிய பிறர் குருத்தெலும்புக்கும் இடையே சிக்கல்களின் விகிதத்தில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை.

ஒரே பொருளுக்கு இவ்வளவு வேறுபட்ட முடிவுகள் எப்படி வந்தன? முதல் தொடரில் முகத்தின் பல இடங்களில் வைத்த ஒட்டுகள் இருந்தன, இரண்டாவதில் மூக்கு மட்டுமே என்பது ஒரு காரணமாகலாம். கதிரின் அளவும் பதப்படுத்தும் முறையும் ஒன்றல்ல என்பது மற்றொன்று. கரைந்ததா என்பதைத் தொட்டும் பார்த்தும் முடிவுசெய்தால் கிடைக்கும் விடையும், திசுவை வெளியே எடுத்துப் பார்த்தால் கிடைக்கும் விடையும் வேறுபடலாம் என்பது மூன்றாவது. இது மிக முக்கியமானதும்கூட. இறந்த குருத்தெலும்பு மெல்ல மெல்ல நார்த் திசுவாக மாறினால், உள்ளே இருப்பது குருத்தெலும்பு அல்லாமல் போனாலும் வெளித்தோற்றம் பெரிதும் மாறாதிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் இரு தரப்பினரும் தத்தம் அளவுகோலின்படி சரியாகவே சொல்லியிருக்கலாம்.

நறுக்கியதும் நசுக்கியதும்

குருத்தெலும்பை முழுத்துண்டாக வைக்காமல் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியாக நறுக்கி வைத்தால் வளைவும் இருக்காது, விளிம்பும் தோலுக்கு மேல் தெரியாது என்பது பியரின் காலத்திலிருந்தே அறிந்த உத்தி. துருக்கியின் ஓனுர் எரோல் 2000இல், நறுக்கிய துண்டுகளை இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படும் செல்லுலோஸ் துணியில் சுருட்டி வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நற்பயன் கண்டதாக எழுதினார். அமெரிக்காவின் டேனியலும் கால்வர்ட்டும் 2004இல் அதே முறையைப் பின்பற்றியபோது அவ்வொட்டுகள் கரைந்துபோயின. நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுள்ள மெல்லிய உறையில் சுருட்டியவை நிலைத்தன. செல்லுலோஸ் துணி தூண்டும் அழற்சியே கரைவுக்குக் காரணம் என்பது அவர்களின் விளக்கம்.

நசுக்கிய குருத்தெலும்பைப் பற்றியும் இத்தகைய பாடமே கிடைத்தது. லேசாகத் தட்டி மென்மையாக்கினால் செல்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. சுத்தியல் அடி கூடக் கூடப் பிழைக்கும் செல்களின் விகிதம் சரிகிறது என்பதைத் துருக்கியின் சக்மாக் குழுவினரின் ஆய்வுகள் படிப்படியாகக் காட்டின. ஒரே மனிதரின் ஒரே குருத்தெலும்பு, கையாளும் விதத்தால் மட்டுமே வேறு விதி பெறுகிறது என்பதால், பொருளை மட்டும் வைத்து ஆயுளைக் கணிக்கும் போக்கை இவ்வாய்வுகள் தளர்த்தின.

தொழுநோய் தந்த பாடம்

மேற்கண்ட விவாதம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், நல்ல தோலும் நல்ல உள்வரியும் கொண்ட மூக்குகளை வைத்து நடந்தது. உள்வரி கெட்டுப்போன மூக்கில் என்ன நடக்கும் என்பதைத் தொழுநோய் அறுவை மருத்துவம் அறிந்திருந்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டும், 1955இல் தொடங்கிய கரிகிரி ஷீஃபெலின் தொழுநோய் மையத்தில் பணியாற்றிய எர்னஸ்ட் ஃபிரிட்ஷியும், பம்பாயில் என். எச். அந்தியாவும் தொழுநோயாளரின் கை, கால், முகச் சீரமைப்பில் பெரும் அனுபவம் சேர்த்தனர். மதுரைக்கு அருகே மானாமதுரையின் தயாபுரத்தில் இயங்கிவரும் தொழுநோய் மருத்துவமனை இப்பகுதி மக்கள் நன்கறிந்தது.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் செழிப்பது. மூக்கின் உட்சவ்வு அத்தகைய ஓரிடம். சவ்வு புண்ணாகி, நடுச்சுவரின் குருத்தெலும்பு துளைபட்டு அழிந்து, மேல்தாடையின் முன்முள் தேய்ந்தபின், ஆறும் சவ்வு தழும்பாகச் சுருங்கி மூக்கின் தோலை உள்ளே இழுக்கிறது. தோல் பெரும்பாலும் சேதமின்றி இருந்தாலும் தண்டு சேணம் போல் குழிந்துவிடுகிறது. இந்த மூக்கில் வெறுமனே ஒரு குருத்தெலும்புத் துண்டைச் செருகினால், சுருங்கிய உள்வரி அதை ஓயாமல் அழுத்தும். சவ்வு கிழிந்து மூக்குக்குழியோடு தொடர்பு ஏற்பட்டால் சீழ் பிடிக்கும். இரண்டில் எது நேர்ந்தாலும் துண்டு நிலைப்பதில்லை.

இதற்குக் கையாளப்பட்ட வழி, சிபிலிசு நோயால் குழிந்த மூக்குகளுக்காக கில்லீஸ் 1923இல் விவரித்த உள்ளொட்டு முறை. மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே உள்புறமாக வெட்டி, எலும்போடு ஒட்டிக்கிடக்கும் மூக்கைத் தழும்பிலிருந்து முழுவதுமாக விடுவிப்பர். மூக்கின் தோல் தளர்ந்து பழைய உயரத்துக்கு எழும்பியதும், அந்தக் குழிக்கு அளவெடுத்த அச்சின் மேல் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை, பச்சைப் பக்கம் வெளியே இருக்குமாறு போர்த்தி உள்ளே வைப்பர். தோல் பிடித்துக்கொண்டபின் அச்சை எடுத்துவிட்டு, கழற்றிக் கழுவி மீண்டும் பொருத்திக்கொள்ளத்தக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கியை நோயாளிக்குத் தருவர். உள்வரி உறுதிப்பட்ட பிறகே எலும்பையோ குருத்தெலும்பையோ வைத்துத் தாங்கியை அகற்றுவது பற்றி எண்ணுவர். எலும்புக்குப் பதிலாகத் தன் குருத்தெலும்பையே முதன்மைத் தாங்கலாகக் கொள்ளும் முறையை நெதர்லாந்து மருத்துவர்கள் 2007இல் முன்வைத்தனர்.

இந்த அனுபவத்தின் சாரம் ஒன்று: ஒட்டின் ஆயுளை ஒட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை, அது கிடக்கும் படுகையும், அதை மூடும் உள்வரியும், அதன் மேல் விழும் அழுத்தமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நல்ல வரப்பில்லாத வயலில் நாற்றைக் குறைசொல்லிப் பயனில்லை என்பது போன்றதே இது. விபத்துக்குப் பின் பலமுறை திறக்கப்பட்ட மூக்கு, சீழ் கட்டி ஆறிய மூக்கு, கதிர்ச்சிகிச்சை பெற்ற மூக்கு ஆகியவற்றுக்கும் இக்கூற்று பொருந்தும். ஆயினும் இதற்கும் வரம்பு உண்டு. தொழுநோய் அறுவைப் பதிவுகளில் எலும்பு ஒட்டும் குருத்தெலும்பு ஒட்டும், தீவிர நோயும் தணிந்த நோயும் கலந்து கிடப்பதால், படுகையின் பங்கைத் தனியே பிரித்து எண்ணாக்குவது கடினம். இந்தியா 2005 டிசம்பரில் தொழுநோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கியதாக அறிவித்தபின் இவ்வகை அறுவைகள் குறைந்துவிட்டதால், அந்த அறிவும் சிதறிப்போகும் நிலையில் உள்ளது.

அளவிடுவதில் உள்ள தடைகள்

மேலே கண்ட ஒவ்வொரு விடையும் ஏதோ ஓர் அளவுகோலைச் சார்ந்து நிற்கிறது. அறுவைக்குப் பின் மூக்கின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் ஆண்டில் தண்டு தாழ்ந்தால் வீக்கம் வடிந்ததா, துண்டு கரைந்ததா என்று புகைப்படத்தை மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம். பின்னாளில் தோல் மெலிந்து விளிம்பு துருத்தினால், உயிருடன் நிலைத்திருக்கும் ஒட்டே குறையாகத் தோன்றக்கூடும். அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் ஓரளவு உதவினாலும், மெல்லிய குருத்தெலும்பையும் அடர்ந்த தழும்பையும் அவை எப்போதும் தெளிவாக வேறுபடுத்துவதில்லை.

நோயாளிகள் திரும்பி வராமை அதனினும் பெரிய தடை. மனநிறைவுடன் சென்றவர் ஊரில் வேலையில் ஆழ்ந்துவிடுகிறார்; மனக்குறை கொண்டவர் வேறு மருத்துவரை நாடுகிறார். முதலாமவர் விடுபட்டால் தோல்வி மிகையாகவும், இரண்டாமவர் விடுபட்டால் வெற்றி மிகையாகவும் கணக்கில் தெரியும். இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்யும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் போன்ற ஊர்களிலிருந்து மதுரைக்கு வரும் ஒருவருக்கு, வலியில்லாத மூக்கைக் காட்டுவதற்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழப்பது நியாயமாகப் படாது. திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ வேலைக்குப் போய்விட்டவரை மருத்துவமனையின் பழைய கோப்பு எட்டுவதும் அரிது. ஆகவே மேலைநாட்டுத் தொடர்களில் கிடைத்த எண்களை இங்குள்ள நோயாளிக்கு அப்படியே எடுத்துச் சொல்வதில் எச்சரிக்கை தேவை.

ஆய்வகத்தில் வளர்த்த குருத்தெலும்பு இக்கேள்வியைப் புதிதாகத் திறந்துள்ளது. சுவிட்சர்லாந்தின் பாசெல் குழுவினர், நோயாளியின் நடுச்சுவரிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து உருவாக்கிய குருத்தெலும்பால், தோல் புற்றுநோய் அகற்றப்பட்ட ஐந்து பேரின் மூக்கு இறக்கையைச் சீரமைத்து 2014இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். ஓராண்டு முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் அந்நோயாளிகள் முதியோர், கண்காணிப்பும் ஓராண்டே. முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்த மூக்குடன் வாழவேண்டிய இளைஞருக்கு அதிலிருந்து முடிவெடுக்க இயலாது.

மதிப்பீடு

கிடைத்துள்ள சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில் சில முடிவுகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு, நசுங்காமல் கையாளப்பட்டு, நல்ல இரத்த ஓட்டமும் முழுமையான உள்வரியும் கொண்ட படுகையில், அழுத்தமின்றி வைக்கப்பட்டு, சீழ் பிடிக்காமல் ஆறினால், பல ஆண்டுகள் உயிருடன் நிலைப்பதே வழக்கம், கரைதல் விலக்கு. விலாவிலிருந்து எடுத்த துண்டில் வளைதல் கரைதலைவிட அடிக்கடி நேர்வது. செல் இறந்த, பாடம்செய்த துண்டுகளின் வடிவம் நெடுங்காலம் தங்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் பொருள் மாறிக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு.

திறந்தே கிடப்பவையும் உள. கதிரூட்டிய குருத்தெலும்பைப் பற்றிய முரண் முழுதும் தீரவில்லை. வடிவம் நிலைப்பதும் திசு நிலைப்பதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை நேரடியாக அளந்த நீண்டகாலச் சான்று மிகக் குறைவு. கெட்ட படுகையில், நல்ல ஒட்டு எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பதற்கு எண் வடிவில் விடை கூற இயலாது.

இந்த இடைவெளியை நிரப்பும் தகுதி தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு உண்டு. விபத்து, தொற்று, தொழுநோய் எனப் பலவகைப் படுகைகளைக் கொண்ட நோயாளிகள் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது மேலைநாட்டு மையங்களில் அரிது. மதுரை மருத்துவக் கல்லூரியும் அதன் அரசு இராசாசி மருத்துவமனையும் போன்ற நிறுவனங்கள், எந்த இடத்திலிருந்து எடுத்த குருத்தெலும்பு, எப்படிச் செதுக்கியது, எத்தகைய உள்வரியின் மேல் வைத்தது என்பவற்றையும், ஒரே கோணங்களில் எடுத்த படங்களையும் ஒழுங்காகப் பதிந்து, அதன் ஒரு படியை நோயாளியின் கையிலும் கொடுத்துவைத்தால், எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் காட்டினாலும் தொடர் அறுபடாது. அத்தகைய பதிவு வரும்வரை, அறுவைக்குமுன் நோயாளியிடம் ஒரு காலவரையறையை வாக்குறுதியாகச் சொல்வதைவிட, அவருடைய மூக்கின் உள்வரியும் தோலும் எந்நிலையில் உள்ளன, அதனால் அவருக்கான வாய்ப்பு எப்படி மாறுகிறது, மறு அறுவை தேவைப்பட்டால் குருத்தெலும்பு எங்கிருந்து கிடைக்கும் என்பவற்றை விளக்கிச் சொல்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்திய விடையாகும்.